கட்டு எங்கே இருந்தது?
(தஞ்சைப் பண்ணையாளும் ‘பாண்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தஞ்சாவூரில் நின்றுகொண்டு ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப்போகிறேன் என்று எழுதியபோது அமைப்பாளர்களுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்திருக்கும். நியாயமான தயக்கம்தான். ஆனால் இது அகராதியோடு நின்றுபோன சொல் இல்லை. சட்டப் புத்தகத்தில் ஏறி, தாலுகா அலுவலகக் கோப்பில் இறங்கி, நம் வயல்வெளிகளில் உழைத்தவர்களின் பெயருக்கு எதிரே போய் உட்கார்ந்த சொல். ‘பாண்டட்’. தமிழில் கொத்தடிமை என்று எழுதுகிறோம். ஆனால் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் தொண்டு நிறுவனங்களிலும் போய்க் கேளுங்கள், ‘பாண்டட் லேபர் கேஸ்’ என்றுதான் பேச்சு நடக்கும்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1843 முதல் 1971 வரை 128 ஆண்டுகள், ஆட்சிகள் ஒவ்வொன்றும் தஞ்சைப் பண்ணையாளைக் கட்டியிருந்த ஏதோ ஒரு முடிச்சை அவிழ்த்ததாகச் சொல்லிக்கொண்டன. அடிமை மீதான உடைமை உரிமையை அவிழ்த்தார்கள், ஒப்பந்தத்தை அவிழ்த்தார்கள், கூலியைத் திருத்தினார்கள். முதன்மையான முடிச்சு அவர் குடிசை நின்ற மனையில் இருந்தது. அதில் கை வைக்கத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

முதலில் சொல்லின் கதை. ஆங்கிலத்தில் ‘பாண்ட்’ என்று ஒலிப்பவை இரண்டு. ஒன்று கட்டு, பிணைப்பு என்ற பொருளுடையது. பிணைப் பத்திரம், கடன் பத்திரம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. மற்றொன்று ‘பாண்டேஜ்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது. அது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ‘போண்டி’. (நம் ஊரில் போண்டியாவது வேறு சங்கதி. இரண்டுக்கும் உறவு தேட வேண்டாம்.) போண்டி என்றால் ஓரிடத்தில் வீடு கட்டிக் குடியிருந்து உழுது வாழ்பவன். கௌரவமான குடியானவன். ‘ஹஸ்பண்ட்’ என்று இன்று கணவனைக் குறிக்கும் சொல்லுக்கும் அதுதான் வேர்: வீட்டுக்கு உடையவன்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். நிலம் பிரபுக்களின் கைக்குப் போனது. உழுதவன் உழுதுகொண்டேதான் இருந்தான். அவன் குடியிருந்த மண் மட்டும் வேறொருவருடையதாயிற்று. சில தலைமுறைக்குள் ‘போண்டி’யின் வழி வந்த சொல், நிலத்தைவிட்டு நகர முடியாத கீழாளைக் குறிக்கத் தொடங்கியது. பிணைப்பைக் குறிக்கும் மற்றச் சொல்லோடு ஒலியும் ஒத்துப்போகவே, மக்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணினார்கள். இதேபோல் பிரபுவின் பண்ணையில் கட்டுண்டிருந்த ஆளுக்கு ‘வில்லன்’ என்று இன்னொரு பெயர் இருந்தது. பண்ணை வீட்டைக் குறிக்கும் ‘வில்லா’வோடு உறவுடைய சொல் அது. உழைத்தவனின் பெயர் நாளடைவில் அயோக்கியனின் பெயரானது. திரையில் நம்பியாரையும் வீரப்பாவையும் நாம் வில்லன் என்று அழைத்தபோது, பாவம், ஒரு பண்ணையாளின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் சொல்லும் அதே பாதையில் நடந்திருக்கிறது. பண்ணையாள் என்பதில் இழிவு எதுவும் இல்லை. பண்ணையைச் சேர்ந்த ஆள், அவ்வளவுதான். படியாள் என்பதும் படி நெல்லைக் கூலியாகப் பெறுபவர் என்று மட்டுமே சொல்கிறது. சொல்லில் சங்கிலி கிடையாது. அதனால்தான் வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகள், இது என்ன வகை உறவு என்று நூறாண்டுக்கு மேலாகக் குழம்பினார்கள். சிலருக்கு அந்தக் குழப்பம் வசதியாகவும் இருந்தது.

ஆங்கிலேயர் வருவதற்கு முன் எல்லாரும் சுதந்திரமாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பேரளத்துக்குப் பக்கத்தில் திருப்பாம்புரம் இருக்கிறது. அங்குள்ள கோயில் கல்வெட்டு ஒன்று மூன்றாம் குலோத்துங்கன் காலத்தது, 1201-ஆம் ஆண்டு. பஞ்சம். ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் என்ற நிலை. ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் உயிர் பிழைக்க 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார்கள். வேளாளர் என்பதைக் கவனியுங்கள். பசி முற்றினால் சாதி அடுக்கின் மேல்படியில் இருந்தவரும் ஆளாக எழுதிக்கொடுத்த காலம் அது. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற சொற்களும் வருகின்றன. கூலியில்லாமல் செய்து தர வேண்டிய வேலைகள் அவை. இன்றைக்கும் சும்மா செய்யும் வேலையை ‘வெட்டி வேலை’ என்கிறோமே!

1799-இல் தஞ்சை நிர்வாகம் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்கு வந்தது. வரி கட்டுபவர் மிராசுதார். மிராசுதாரின் வயலில் இறங்கி உழைப்பவர்கள், பெரும்பாலும் பள்ளர், பறையர் சாதிகளைச் சேர்ந்த பண்ணையாட்கள். 1819-இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம், உங்கள் பகுதியில் அடிமை முறை உண்டா என்று கேட்டு எழுதியது. உண்டு என்று பதில் வந்தது. ஒழித்தால் சாகுபடி என்னாகும், வரி என்னாகும் என்ற கவலையும் கூடவே வந்தது. வாரியம் அந்தக் கவலையைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டது.

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியதைப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். கும்பினியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதைப் பாடநூல் சொல்வதில்லை. கரீபியத் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு வந்த விடுதலை காவிரிக் கரைக்கு வரவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 1843-இல், ஐந்தாம் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். ஒருவரை அடிமை என்று சொல்லி அரசு அதிகாரி ஏலம் விடக் கூடாது. அடிமை மீதான உடைமை உரிமையை நீதிமன்றம் நிலைநாட்டாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவர் சம்பாதித்த சொத்தைப் பறிக்கக் கூடாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் செயல், அடிமை என்று சொல்லப்படுபவருக்குச் செய்தாலும் குற்றமே. சட்டம் யாரையும் பார்த்து ‘நீ விடுதலையானாய்’ என்று சொல்லவில்லை. ‘நாங்கள் இதைக் கண்டுகொள்ள மாட்டோம்’ என்று மட்டும் சொன்னது. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சேரியில் வாழ்ந்தவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? தெரிந்தால்தான் அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்?

மாறியது கோப்புகள்தான். 1843-க்கு முன் ‘ஸ்லேவ்’ என்று எழுதப்பட்டவர், பின்னர் ‘ஃபார்ம் சர்வண்ட்’ ஆனார். சுதந்திரத்துக்குப் பின் 1950-51-இல் மத்திய அரசு முதல் விவசாயத் தொழிலாளர் விசாரணையை நடத்தியபோது அவர் ‘அட்டாச்டு லேபரர்’ ஆனார். ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளலாம். 1976-இல் ‘பாண்டட்’. பெயர் மாற்றங்கள் இத்தனை நடந்தபோதும் கீழத்தெருவில் கூப்பிட்ட பெயர் ஒன்றே.

இடையில் ஒரு வழி திறந்திருந்ததையும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போயிற்று. மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் இந்த டெல்டாக்காரர்கள் ஏராளம். அந்த ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டு, பிறகு கங்காணி வழியாக ஆள் போனது. ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குப் போனார்கள் என்று எழுதுவது வழக்கம். பாதி உண்மைதான். கப்பலேறிய பலர் அங்கே சங்கம் என்ற சொல்லையும் கூலி என்றால் காசு என்பதையும் கண்டார்கள். திரும்பி வந்தவர்கள் அதைக் கொண்டுவந்தார்கள்.

இனிப் பண்ணையாளின் வாழ்க்கைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மானிடவியல் அறிஞர் காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரண்டு ஊர்களில் தங்கி ஆய்வு செய்தார். தஞ்சை நகருக்குப் பக்கத்திலிருந்த ஊருக்குக் கும்பபேட்டை என்று புனைபெயர் வைத்தார். அந்த ஆய்வு 1981-இல் பெரிய நூலாக வந்தது. பண்ணையாள் என்பவர் ஆண்டுக்கணக்கில் பண்ணையில் அமர்பவர். மகனுக்கோ மகளுக்கோ கல்யாணம் என்றால் மிராசுதாரிடம் கடன். அந்தக் கடன் தீராமல் வேறு பண்ணைக்குப் போக முடியாது. கூலி மரக்கால் கணக்கில் நெல். அறுவடையில் களவடி நெல். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துணி. ஆண் உழவுக்கும் அறுப்புக்கும், மனைவி நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும், பையன் மாடு மேய்க்க. கணக்கில் ஒரு ஆள். வயலில் ஒரு குடும்பம்.

தண்டனைகளைப் பற்றி இந்த மண்டபத்தில் உள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சவுக்கடி, சாணிப்பால். சாணியைக் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைப்பதற்கு இப்படி ஒரு பெயர்! பால் என்று பெயர் வைத்தவரின் மனத்தை நினைத்துப் பார்க்கவே கூசுகிறது.

இவ்வளவையும் ஏன் பொறுத்தார்கள்? கடனுக்காகவா? கடன் பெரும்பாலும் சில கலம் நெல்லும் சில ரூபாயும்தான். இரவோடு இரவாக ஓடிப்போய்விட்டால் யார் பிடிக்கப்போகிறார்கள்? அடிமை என்று சொல்லிப் பிடித்துக்கொண்டுவர 1843-க்குப் பின் சட்டத்தில் வழி கிடையாது. ஆனாலும் பெரும்பாலானோர் போகவில்லை. காரணம் நம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

டெல்டாவில் மேட்டு நிலம் அரிது. கண்ணுக்கு எட்டிய வரை நஞ்சை. வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறும் கிளை வாய்க்கால்களும் நிரப்பி வைத்த தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு குடிசை நிற்க வேண்டுமென்றால் மண் கொட்டி உயர்த்திய திட்டு வேண்டும். அப்படி உயர்ந்திருந்த ஒவ்வொரு திட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு: மிராசுதார், கோயில், மடம். மிச்சமிருந்தது வாய்க்கால் கரைப் புறம்போக்கு. ராமநாதபுரத்துக் கரம்பிலோ தருமபுரி மேட்டிலோ ஒருவர் நான்கு கம்பு நட்டுக் கீற்றுப் போட்டு உட்கார்ந்தால் கேட்க ஆள் வரச் சில நாளாகும். இங்கே அன்று மாலையே மிராசுதாரின் காரியக்காரர் வந்து நிற்பார்.

ஆகவே பண்ணையை விட்டுப் போவது என்றால் வீட்டை விட்டுப் போவது. வீட்டை விட்டால் வேறு ஊரில் வீடு கிடையாது, வேறொரு பண்ணையில் சேர்ந்தாலொழிய. மனைக்கட்டு என்று சொல்கிறோம் பாருங்கள், அந்த மனைக்கட்டுதான் கட்டு. போண்டி என்ற நார்ஸ் சொல்லுக்குக் குடியிருப்பவன் என்று பொருள் என்றேன். ஆங்கிலேயக் குடியானவன் தன் குடியிருப்பின் மீது உரிமை இழந்தபோது அடிமையானான். காவிரிக் கரையில் நடந்ததும் அதுவே. இதைக் கண்டுபிடிக்க நார்ஸ் மொழிவரை போக வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார், ‘மனையக் காலி பண்ணுன்னா எங்க போவோம்’ என்று. அதிகாரிகள் கிழவிகளைக் கேட்பதில்லை.

சிலர் மறுப்புச் சொல்வார்கள். மிராசுதார் கல்யாணத்துக்குக் கொடுத்தார், சாவுக்குக் கொடுத்தார், மழைக்காலத்தில் வேலை இல்லாதபோதும் நெல் அளந்தார், குடியிருக்க இடமும் கொடுத்தார். அது உறவு, அதை அடிமை என்று சொல்லலாமா என்பார்கள். கொடுத்தது உண்மை. நல்ல மனசுக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் கொடுத்ததை எந்த நேரமும் திரும்பப் பிடுங்கலாம் என்ற அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கும்போது, கொடை கொடுத்தவரின் குணத்தை எடுத்துக்காட்டி வாங்கியவரின் நிலையை விளக்க முடியாது. அடி வாங்கியவர்கள் ஒன்றுசேரத் தொடங்கியதும் இந்த உறவு எவ்வளவு வேகமாகக் கசந்தது என்பதே அதற்குச் சான்று.

ஒன்றுசேர்த்தவர் பி. சீனிவாசராவ். கன்னட தேசத்துக்காரர். கம்யூனிஸ்ட் கட்சி அவரை 1943-இல் தஞ்சைக்கு அனுப்பியது. தென்பரையில் விவசாயிகள் சங்கக் கிளை தொடங்கியது. அவருடைய தமிழில் கன்னட வாடை அடித்ததாம். சேரியில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. களப்பால் குப்பு, மணலி கந்தசாமி, மணலூர் மணியம்மை என்று ஒரு தலைமுறையே அந்தச் சங்கத்தில் உருவானது. 1944-இல் மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: சவுக்கடியும் சாணிப்பாலும் இனிக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், மனிதர் வாயில் சாணித் தண்ணீரை ஊற்ற மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அது வெற்றிதான். அப்போதும் மனை மிராசுதாருடையதாகவே இருந்தது.

1952-இல் ராஜாஜி முதலமைச்சரானார். ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் முறையான சட்டமாயிற்று. ஒரு மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சட்டம்! சங்கத்தின் பலம் அப்படி இருந்தது. வாரதாரருக்கு, அதாவது பங்குக் குத்தகையில் உழுதவருக்கு, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளுக்குக் கூலி உயர்வு. காரணமில்லாமல் நீக்கக் கூடாது. தகராறு வந்தால் சமரச அதிகாரி. ஒரே ஊரில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்த மிராசுதாருக்கே இது பொருந்தும். இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு வேலி என்பது 20 மா, ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

நல்ல நோக்கமுள்ள சட்டம். விளைவு வேறாக இருந்தது. பண்ணையாள் என்று ஒருவரை வைத்திருந்தால்தானே இந்தத் தொல்லை? மிராசுதார்கள் பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்து, தினக்கூலிகளாக மாற்றத் தொடங்கினார்கள். நேற்றுவரை ஆண்டு முழுவதும் நெல் அளக்கப்பட்டவர், இன்று நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் கூப்பிடப்பட்டார். சட்டம் ஒரு சொல்லுக்கு வரையறை எழுதியது. உடைமைக்காரர் அந்தச் சொல்லையே கைகழுவினார். ஆண்டுக் கட்டு போயிற்று, வேலைப் பாதுகாப்பும் கூடவே போயிற்று. குடிசை பழைய இடத்திலேயே நின்றது. தினக்கூலியானாலும், மனைக்காரரின் அழைப்பை மறுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடவுக்குப் போக முடியாது. 1940-இல் சென்னை மாகாணம் கடன் கொத்தடிமையை ஒழிக்க ஒரு விதிமுறை போட்டிருந்தது. அதுவும் ஏஜென்சி மலைப்பகுதிகளுக்கு மட்டுமே. சமவெளியில் அப்படி எதுவும் இல்லை என்பது அன்றைய நம்பிக்கை.

மனையைப் பற்றிச் சட்டம் முதன்முதலில் வாய்திறந்தது 1961-இல். குடியிருப்பில் இருப்போரை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்கும் சட்டம். வெளியேற்றக் கூடாது என்றதே தவிர, மனை உங்களுடையது என்று சொல்லவில்லை.

அப்புறம் கீழத்தஞ்சையின் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும், வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பதை எதிர்த்ததும் தகராறாக வளர்ந்தன. அந்த இரவில் ஒரு குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நாகப்பட்டினத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கூலித் தகராறில் எதிராளியின் வயிற்றில் அடிப்பார்கள், கைகாலை உடைப்பார்கள். அன்று குடிசையைக் குறிவைத்தார்கள். கட்டு எங்கே இருக்கிறது என்பது எரித்தவர்களுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அதையடுத்து, விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குடியிருப்பில் வாழ்வோருக்கு அந்த மனையையே உடைமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. என் கணிப்பில் காவிரி டெல்டாவின் உண்மையான அடிமை ஒழிப்புச் சட்டம் அதுதான். நினைவுத் தூண் எதுவும் அதற்குக் கிடையாது. சட்டக் கல்லூரி மாணவர்கள்கூட அதன் பெயரைத் தடுமாறித்தான் சொல்கிறார்கள். பட்டா கைக்கு வரப் பல ஊர்களில் பல ஆண்டாயிற்று, அலைச்சல் ஆயிற்று. வந்த ஊர்களில் ஒரு மாற்றம் நடந்தது. கூலி பேசும்போது, ‘இந்தக் கூலிக்கு வர முடியாது’ என்ற வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் திரும்ப ஒரு வீடு இருந்தது.

அரசியல் விமர்சகர்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். சிலர் நில உச்சவரம்பைச் சொல்வார்கள், சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளையும் வளைகுடாவையும் சொல்வார்கள், அறுவடை எந்திரத்தைச் சொல்வாரும் உண்டு. எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் திருப்பூருக்குப் பஸ் ஏறுபவர், பெண்டாட்டி பிள்ளையை எந்த மனையில் விட்டுப் போகிறார்?

இப்போது 1976. நெருக்கடி நிலைக் காலம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டம்; அடுத்த பிப்ரவரியில் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம். ‘பாண்டட்’ என்ற சொல் இந்தியா முழுமைக்கும் சட்டச் சொல்லானது இங்கேதான். இந்தச் சட்டத்தின் ஆரம்ப வரையறைகளில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டாலும், சில வகை உழைப்பு முறைகளில் சமூக வழக்கத்தால் ஒப்பந்தம் இருந்ததாகவே கொள்ளப்படும் என்று சொல்லி, நாடெங்குமுள்ள அந்த முறைகளின் பெயர்களை அது வரிசைப்படுத்துகிறது. பீகாரின் கமியா, கர்நாடகத்தின் ஜீத்தா என்று போகும் அந்த வரிசையில், ஆங்கில எழுத்தில், மூன்று தமிழ்ப் பெயர்கள் நிற்கின்றன: படியாள், பண்ணையிலாள், வெட்டி. பண்ணையாள் எப்படிப் பண்ணையிலாள் ஆனார் என்று தெரியவில்லை. தில்லிக் குமாஸ்தாவின் காது என்று நினைக்கிறேன். சோழர் கல்வெட்டில் இருந்த வெட்டி இந்திய நாடாளுமன்றச் சட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், சட்டம் அவர் பெயரை அச்சடித்த ஆண்டில், டெல்டாவில் அந்தப் பழைய பண்ணையாள் பெரும்பாலும் இல்லை. 1952-க்குப் பின் அவர் தினக்கூலியாகிவிட்டிருந்தார். ஆனாலும் அந்தச் சட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதன் ஆறாவது பிரிவு கொத்தடிமைக் கடனை முழுவதுமாகத் தள்ளுகிறது. எட்டாவது பிரிவு, விடுவிக்கப்பட்டவரை அவர் குடியிருக்கும் இடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. பதினைந்தாவது பிரிவு, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் தலையில் வைக்கிறது. எட்டாவது பிரிவைப் படிக்கும்போது, தில்லிக்கும் யாரோ ஒரு கிழவி சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும்.

உச்ச நீதிமன்ற நீதிபதி பி. என். பகவதி இந்தச் சொல்லை மேலும் விரித்தார். 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே, வறுமையின் நெருக்குதலும் ஒரு கட்டாயம்தான் என்றார். 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னே முன்பணம் இருப்பதாக அனுமானித்துக்கொள்ளலாம் என்றார். தலைகீழான, அழகான தர்க்கம். தொழிலாளி கடன் சீட்டைத் தேடி அலைய வேண்டாம்.

நடைமுறை அந்த உயரத்துக்கு வரவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள், தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொத்தடிமைகளாக இருப்பதாகக் கணித்தார்கள். மாநில அரசு அதை ஏற்காமல் தானே கணக்கெடுத்து, சுமார் 25 ஆயிரம் என்றது. ஒரே மாநிலம், ஒரே காலம். பகவதியின் பொருளில் எண்ணினால் ஒரு கணக்கு. முன்பணச் சீட்டைக் கேட்டு எண்ணினால் வேறொரு கணக்கு. ஒரு சொல்லின் பொருள் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து லட்சக்கணக்கானவர்கள் பட்டியலுக்கு உள்ளேயும் வெளியேயும் போகிறார்கள்.

இன்று அந்தச் சொல் ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறது. செங்கல் சூளையிலோ, அரிசி ஆலையிலோ, ஆட்டுக் கிடையிலோ மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்றிதழ் அது. அதில் ‘பாண்டட்’ என்று இருந்தால்தான் கடன் தள்ளுபடி, 2016-ஆம் ஆண்டு மத்தியத் திட்டம் வகுத்த மறுவாழ்வுத் தொகை எல்லாம்: ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு லட்சம், கொடுமை மிகுந்தவற்றில் மூன்று லட்சம். பெரும் பகுதி குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகே என்ற நிபந்தனையும் அந்தத் திட்டத்தில் இருந்தது. வழக்கு முடிய எத்தனை ஆண்டாகும் என்று நீதிமன்றப் படிக்கட்டு ஏறியவர்களுக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பின், நம் பக்கத்தில் குடும்பக் கடனுக்காகச் சிறுவர்களை ஆடு மேய்க்க அனுப்பிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. புயல் முதலில் கொண்டுபோனது கூரையை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒன்று. ஐ.டி. கம்பெனியில் இரண்டு வருடம் ‘பாண்டு’ எழுதிக் கொடுத்துவிட்டு, ‘நான் கொத்தடிமை மாதிரி வேலை பார்க்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். உங்கள் சிரமம் உண்மையானதுதான். சான்றிதழைப் பிடித்துவைக்கும் நிறுவனங்களை எதிர்க்கவும் வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைப் போட்டால், சூளையிலிருந்து வந்து நிற்பவர் அதைச் சொல்லும்போது எதிரே இருக்கும் அதிகாரி கொட்டாவி விடுவார்.

1971 சட்டம் தொட்டும் தொடாமல் விட்ட இடங்கள் இன்னும் இருக்கின்றன. கோயில், மட நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்போர் பட்டா கேட்டு இன்றும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இருப்பவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று நோட்டீஸ் அழைக்கிறது. நீர்நிலையைக் காப்பது அவசியம், மறுக்கவில்லை. மாற்று மனை கொடுக்காமல் கரையைக் காலி செய்யச் சொல்லும்போது, அவர்கள் முன்னோர் ஏன் கரைக்கு வந்தார்கள் என்பதையும் அந்த அலுவலர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தில் பழைய மிராசுக் குடும்பத்தினர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் பண்ணைக் கணக்கு நோட்டுகள் இருக்கலாம்: எந்த ஆளுக்கு எத்தனை மரக்கால், எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை கலம் கடன், எந்த மனையில் யார் இருந்தார்கள் என்று காரியக்காரர் கையால் எழுதியவை. சேரியில் இருந்து வந்த நண்பர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் முதல் மனைப் பட்டா மடித்துவைக்கப்பட்டிருக்கலாம். வீட்டை இடித்துக் கட்டும்போது இவை எடைக்குப் போய்விடுகின்றன. போடாதீர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தாவது அனுப்பிவையுங்கள். நம் மாவட்டத்துப் பண்ணையாளின் வரலாற்றை இதுவரை பெரும்பாலும் அதிகாரிகளும் வெளிநாட்டு அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு தரப்புக் காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்து, தமிழில் யாரும் இன்னும் முழுமையாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.